மூன்று முறை கொளத்தூர், ஒரு கேஸ்கெட்

பெண்ட் பைப்போடு (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த குழாய்) சைலன்சரை மாற்றி, ஏர் ஃபில்டரையும் மாற்றியது என் தப்புதான். அன்றிலிருந்து என் ராயல் என்ஃபீல்டு 650 ட்வின் பைக், ஆக்ஸிலேட்டரை விட்டாலே பட் பட்டென்று வெடிக்க ஆரம்பித்தது. தங்கசாலை நெரிசலில் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்தால் ஒரே உதறல். என் மாமா திருவொற்றியூர் புல்லட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். “கார்புரேட்டரா இருந்தா ஒரு ஜெட் மாத்தி முடிச்சிருப்பேன்டா” என்றார். இது பிஎஸ்6 புகை விதிப்படி வந்த இன்ஜெக்‌ஷன் வண்டி, பெட்ரோல் அளவை மாற்றும் ஜெட்டுக்கு எங்கே போக?

இதற்கு இரண்டு வழி. ஈசியூ ஃப்ளாஷ் என்றால், வண்டியின் கம்ப்யூட்டரில் (ஈசியூ) இருக்கும் மேப்பையே, அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணையையே, திருத்தி எழுதுவது. எனக்கு வாரண்டி பாக்கி இருந்தது; சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் திருத்தியதும் போய்விடலாம். அதனால் பிக்கிபேக் என்ற தனி டப்பா பக்கம் சாய்ந்தேன். அது ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். வேண்டாமென்றால் கப்ளரை (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்) கழற்றிவிடலாம்.

கொளத்தூர் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். எந்த வருஷ வண்டி என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தண்டையார்பேட்டைக்கு வந்து சீட்டைக் கழற்றினால் கப்ளர் சேரவே இல்லை. கொடுத்தது முந்தைய பிஎஸ்4 வண்டிக்கான பீஸ். மறுநாள் கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நின்று, திரும்பப் போனேன். கவுன்டர் பையன் அலட்டிக்கொள்ளாமல், “ஒயரைக் கட் பண்ணி ஜாயின்ட் போட்டுடலாம்ண்ணா” என்றான். வாரண்டிக்காகத்தானே இந்த டப்பாவையே வாங்கினேன்! ஓனர் திங்கட்கிழமைதான் வருவாராம். மூன்றாவது தடவை போய்த்தான் சரியான பீஸ் கிடைத்தது. வாங்கப் போகுமுன் உங்கள் கப்ளரை போட்டோ எடுத்து, பின்னை எண்ணிக்கொண்டு போங்கள்.

மாட்டியாயிற்று. வெடிப்பு நிற்கவில்லை, மைலேஜ்தான் இறங்கியது.

கடைசியில் வியாசர்பாடி மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் லேப்டாப்பைத் தொடவே இல்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லி, மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலில் இருந்து சோப்புத் தண்ணீரை பெண்ட் பைப் இன்ஜின் ஹெட்டில் சேரும் இடத்தில் பீய்ச்சினார். இடது பக்கம் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. “இங்க காத்து இழுக்குது தம்பி. பைப்ல இருக்கற ஓ2 சென்சார் ஆக்ஸிஜனைப் பார்த்துட்டு பெட்ரோல் பத்தலைன்னு நினைக்குது, ஈசியூ இன்னும் ஊத்துது. மிச்சம் சைலன்சர்ல போய் வெடிக்குது.” சைலன்சர் மாட்டியவர் அந்த இணைப்பைக் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டில், நசுங்கிப்போன பழையதையே திரும்பப் போட்டிருந்தார்! புதுசு போட்டதும் முக்கால்வாசி வெடிப்பு அடங்கியது.

மீதிக்கு ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு, புகையை வைத்துக் காற்று, பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் கட்டிக்கொண்டு மாதவரம் 200 அடி ரோடு. முழு த்ராட்டிலில் காற்று, பெட்ரோல் விகிதம் 14-ஐத் தாண்டி நின்றது, அதாவது பெட்ரோல் பத்தவில்லை; டப்பாவில் கூட்டி 13-க்குக் கொண்டுவந்தோம். நிதானமாக ஓடும் பகுதியில் மேப்பைத் தொடவில்லை. அங்கே ஓ2 சென்சாரைப் பார்த்து ஈசியூவே 14.7-க்கு இழுத்துவிடும், நாம் கூட்டினால் அது குறைக்கும், வீண் மல்லுக்கட்டு. இந்த ஒரு விஷயத்தைக் கடையில் யாராவது சொல்லியிருக்கலாம்.

இப்போது தங்கசாலையில் உதறல் இல்லை. டப்பா சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அது நனையக்கூடாதே என்று, மழை பிடித்தால் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கமே போவதில்லை.