‘போனைத் திறந்து காட்டுங்கோ’

திருகோணமலையில் முகநூல் பதிவுக்காக விசாரணைக்குப் போய்வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் போய்வந்த கதையை யாரும் வெளியில் சொல்வதில்லை, வீட்டில் சொல்ல விடவும் மாட்டார்கள். அதனால் அடுத்தவருக்கு அழைப்பு வரும்போது அவரும் ஒன்றும் தெரியாமல்தான் போகிறார். நான் இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

எங்கள் பக்கத்துக் கரையில் தலைமுறை தலைமுறையாகக் கரைவலை இழுக்கும் இடத்தை மறித்து ஒரு முட்கம்பி வேலி வந்தது. வள்ளம் ஏற்ற வழியில்லை, வாடிக்கு, அதாவது கரையில் மீனவர்கள் தங்கி வேலை செய்யும் கொட்டிலுக்கு, போகவும் சுற்றித்தான் போக வேண்டும். வேலியைப் படம் எடுத்துப் போட்டு, இதற்கு அனுமதி கொடுத்தது யார், பிரதேச செயலகத்துக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தேன். இனத்தைப் பற்றியோ மதத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்கூட இல்லை. கொஞ்ச நாளில் ஒரு பின்னேரம் போன் அடித்தது. ஒரு விசாரணைப் பிரிவின் பெயரைச் சொன்னார்கள். “உங்கட பதிவு இன முறுகலை உண்டாக்குது எண்டு முறைப்பாடு வந்திருக்கு. நாளைக்குக் காலமை வாங்கோ. போனையும் கொண்டு வாங்கோ.”

அம்மா கேட்டவுடன் சொன்னது, “அதை அழிச்சுப்போட்டுப் பேசாம இரு பிள்ளை.” அம்மாவின் பயத்தைப் பழசு என்று தள்ள என்னால் முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த ஊர்க் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் துப்பாக்கிச் சூட்டில்தான் இறந்தார்கள் என்று காட்டிய படங்களை எடுத்தவர் ஊடகவியலாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். ஒரு படம் என்ன விலை கேட்கும் என்பதை அம்மாவின் வயதில் உள்ளவர்கள் இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறார்கள்.

நான் அன்றிரவே ஒரு சட்டத்தரணியிடம் பேசினேன். பதிவில் என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை. “எழுத்தில வந்ததா?” என்றுதான் முதலில் கேட்டார். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, விசாரணைக்காக ஒருவரை வரச் சொல்வதென்றால் பொலிஸார் எழுத்தில்தான் கேட்க வேண்டும். போனில் கூப்பிட்டால் உடனே ஓடிப்போக வேண்டியதில்லை. ஆனால் ஒளிந்துகொள்ளவும் கூடாது. கடிதம் தாருங்கள், வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவதாக அவர் சொன்னது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பதிவை அழிக்கக் கூடாது, போனிலும் எதையும் அழிக்கக் கூடாது. அழைப்பு வந்த பிறகு அழித்தால் சாட்சியத்தை அழித்ததாக அதையே ஒரு குற்றமாகக் காட்டலாம்.

கடிதம் வந்தது, சிங்களத்தில். தமிழில் தரும்படி திருப்பிக் கேட்டோம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. ஆகவே இதை ஒரு சலுகை போலக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. தமிழ்க் கடிதமும் வந்தது. அதில் எந்தச் சட்டத்தின் கீழ் விசாரணை என்று இல்லை. போனில் பேசியவர் ஒருமுறை ‘ஒன்லைன் சட்டம்’ என்றார், இன்னொருமுறை ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) என்றார். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு, 2007இன் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் வேறு. பின்னதன் 3ஆம் பிரிவில் ஒருவரைப் பிடித்தால் மேல் நீதிமன்றம்தான் பிணை கொடுக்கலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும். பத்து வருடம் வரை சிறை. வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு வழிசெய்பவர்களைத் தடுக்க எழுதப்பட்ட பிரிவு அது. 2024 மே மாதம் சம்பூர்ப் பக்கத்தில், போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களை நினைந்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்களை அந்தச் சட்டத்தின் கீழ்தான் கொண்டுபோனார்கள். கஞ்சிக்கும் வெறுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ரம்ஸி ராஸிக்கின் வழக்கையும் சட்டத்தரணி சொன்னார். 2020 ஏப்ரலில் ஒரு முகநூல் பதிவுக்காக இதே சட்டத்தின் கீழ் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தவர். 2023இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. எனக்கு அது தைரியம் தந்தது. ஆனால் நோயாளியான ஒரு மனிதர் அத்தனை மாதம் உள்ளே இருந்த பிறகுதான் அந்தத் தீர்ப்பு வந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

சரி, போனோம். சட்டத்தரணி கூடவே வந்தார். பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்றலாம் என்று 2012இல் வர்த்தமானியில் விதிகளே வந்திருக்கின்றன. வாசலில் “நீங்க வெளியில இருங்கோ” என்று அவரிடம் சொன்னார்கள். அவர் விதியின் பிரதியை எடுத்து நீட்டினார், பிறகு ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மேசையில் என் பதிவை வர்ணத்தில் அச்செடுத்து வைத்திருந்தார்கள். கீழே கருத்து எழுதியவர்களின் பெயர்களில் சிலவற்றுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தது. என் பெயருக்குக் கோடு இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் தேடுவது எனக்குப் பிடிபட்டது. படத்தை யார் எடுத்தது என்று ஒரு தரம் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். தகவல் தந்தது யார், யார் யாரோடு பேசுகிறாய், எந்த வட்ஸ்அப் குழுவில் இருக்கிறாய் என்றே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு ஒருவர் கனிவாகவே சொன்னார், “தங்கச்சி, ஒளிக்க ஒண்டும் இல்லையெண்டா போனைத் திறந்து காட்டுங்கோவன். பார்த்துட்டு விட்டுடுவம்.”

ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் போனில் இருப்பது நான் மட்டுமா? வாடியில் கருவாடு காயப்போடும் ஒரு அம்மா எனக்கு அடிக்கடி குரல்பதிவு அனுப்புவார். அலைச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பேசுவார். யார் வந்து வேலி போட்டது, எந்த வாகனம், யார் அதட்டியது எல்லாம் சொல்லிவிட்டு, “என்ர பேரை மட்டும் போட்டுடாத பிள்ளை” என்று முடிப்பார். அவர் ஒரு பதிவும் எழுதியவர் இல்லை. என் போனைத் திறந்தால் அவர் வீட்டுக்கு ஆள் போகும். அதற்குப் பிறகு அந்தக் கரையில் யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்தரங்கம் என்றால் என் வீட்டு விஷயம் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். அந்த மேசைக்கு முன்னால், என்னை நம்பிப் பேசியவர்கள் இனியும் பேச முடியுமா என்பதே அந்தப் போனில்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

எங்கள் அரசியலமைப்பில் பேச்சுச் சுதந்திரத்துக்கு 14(1)(அ) இருக்கிறது. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரை இல்லை. அதனால் நடைமுறைச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். 2007இன் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, சட்டம் சொல்லும் முறையில்தான் தேடவோ கைப்பற்றவோ வேண்டும். கைப்பற்றினால் திகதி, நேரத்தோடு பட்டியல் எழுதித் தர வேண்டும். சட்டத்தரணி குரலை உயர்த்தவே இல்லை. “நீதவான்ர கட்டளை இருந்தாக் காட்டுங்கோ சேர், குடுக்கிறம். எடுக்கிறதெண்டா பட்டியல் எழுதித் தாங்கோ.” அவர்கள் வெளியே போய்க் கதைத்துவிட்டு வந்தார்கள். அந்தக் கேள்வி மறுபடி வரவில்லை. போன் முழு நேரமும் நிறுத்திய நிலையில் என் பையிலேயே இருந்தது.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டு ஒப்பமிடச் சொன்னார்கள். வாசிக்கத் தெரியாததில் ஒப்பமிட மாட்டேன் என்றேன். நேரம் போனது, முகங்கள் மாறின, பயமாகத்தான் இருந்தது. கடைசியில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரைக் கூப்பிட்டு முதலிலிருந்து தமிழில் எழுதினார்கள். வாசித்துப் பார்த்தபோது நான் சொல்லாத ஒரு வரி இருந்தது, யாரோ தூண்டி எழுதினேன் என்பது போல. வெட்டச் சொன்னேன், வெட்டினார்கள். அந்த ஒரு வரிக்காகவே இவ்வளவு நேரமும் காத்திருந்தது தகும்.

மறுநாள் திருகோணமலையில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். காசு ஒன்றும் இல்லை. இதை உடனே செய்ய ஒரு காரணம் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம், அதுவும் கொழும்பில். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. 1996இன் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அது. முறைப்பாட்டு இலக்கத்தோடு கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் வழக்கில் அதைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் போன். பழையதில் கை வைக்காமல் இனி வருவதற்கு மட்டும் ஒழுங்கு செய்தேன். விரல்ரேகையை நிறுத்திவிட்டு நீளமான கடவு எண் போட்டேன். வாடிக்காரர்களோடு பேசுவதைச் சிக்னல் என்ற செயலிக்கு மாற்றி, செய்திகள் தானாக மறையும்படி வைத்தேன். வட்ஸ்அப் உரையாடல் வேறு யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறது என்று நம்பியிருப்போம். அதன் கூகுள் டிரைவ் பிரதியையும் அப்படிப் பூட்ட அமைப்புக்குள் போய் நாமேதான் செய்ய வேண்டும், பலருக்கு இது தெரியாது. கமராவில் இடக்குறிப்பையும் நிறுத்தினேன். இதெல்லாம் ஒரு பின்னேர வேலை. அந்த அம்மாவின் போனிலும் நானே உட்கார்ந்து செய்துகொடுத்தேன்.

வேலி இன்னும் போகவில்லை. பதிவும் இருக்கிறது. விசாரணைப் பிரிவிலிருந்து இதுவரை வேறு அழைப்பு வரவில்லை, கோப்பு மூடியாயிற்று என்றும் யாரும் எழுதித் தரவில்லை. அதைக் கேட்டு ஆணைக்குழுவுக்கு இன்னொரு கடிதம் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு இப்படி அழைப்பு வந்தால், போவதற்கு முன்னால் ஒரு சட்டத்தரணியோடு பேசுங்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள்.