2 பாருக்கு 41.5 ஹெர்ட்ஸ்: அல்சூர் வீட்டு பம்ப்பில் வி.எஃப்.டி. போட்டுப் பார்த்தது

பெங்களூரு அல்சூரில் தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி உள்ள வீடு. காவேரித் தண்ணீர் வருகிற அன்று சம்ப் நிரம்பும், அங்கிருந்து மொட்டைமாடி டேங்க்குக்கு ஏறும். இரண்டாம் மாடி ஷவருக்கும் டேங்க்குக்கும் உயர வித்தியாசம் 2 மீட்டர்தான், அதாவது 0.2 பார். தண்ணீர் நூலாகத்தான் விழும். அதனால் டேங்க்கை விட்டுவிட்டு, சம்ப்பிலிருந்தே குழாய்களுக்கு 2 பாரில் தள்ளும் பூஸ்டர் செய்வது, அதன் மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்ற வி.எஃப்.டி. (மின் அலைவரிசையை, அதாவது ஹெர்ட்ஸை, மாற்றித் தரும் டிரைவ்) போடுவது என்று முடிவு. பம்ப் சம்ப்பிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். தெரு லைனில் நேராக மோட்டார் போட்டால் பக்கத்து வீட்டுத் தண்ணீரோடு சாக்கடையும் சேர்ந்து வரலாம்.

மோட்டார்: 1 எச்.பி. மூன்று ஃபேஸ் மோனோபிளாக் (மோட்டாரும் பம்ப்பும் ஒரே உடலாக வருவது). வீட்டில் இருப்பது ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட் என்றாலும் மூன்று ஃபேஸ் மோட்டார்தான் வேண்டும். டிரைவ் ஒற்றை ஃபேஸை வாங்கி டி.சி. ஆக்கி, மூன்று ஃபேஸ் 230 வோல்ட்டாக வெட்டிக் கொடுக்கும். கெபாசிட்டர் வைத்த ஒற்றை ஃபேஸ் மோட்டாரை இதில் மாட்டக் கூடாது. அந்தக் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே கணக்குப் போட்டு வைத்தது. டிரைவின் வெளியீட்டுப் பக்கம் கெபாசிட்டர் எதுவுமே இருக்கக் கூடாது.

மற்றவை எல்லாம் பெங்களூருவின் எலக்ட்ரிக்கல் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரே நடையில் கிடைத்தன: 0.75 கிலோவாட் டிரைவ், 0–10 பார் 4–20 மில்லிஆம்ப் பிரஷர் சென்சார், 24 லிட்டர் பிரஷர் டேங்க் (உள்ளே காற்றை அடைத்த சிறு தொட்டி), பித்தளை என்.ஆர்.வி. (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு), 16 ஆம்ப் சி வகை எம்.சி.பி. (மின்சாரம் மிஞ்சினால் துண்டிக்கும் சுவிட்ச்). பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். பெரும்பாலான டிரைவ்கள் 1000 மீட்டர் வரை முழுத் திறனுக்கும் உத்தரவாதம் தருகின்றன, அதனால் ஒரு அளவு பெரிதாக வாங்கத் தேவையில்லை.

முதல் நாள். ஓடியது, ஆனால் தெம்பில்லை. வால்வைத் திறந்ததும் வேகம் விழுந்தது. காரணம் மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் இருந்தது. பெயர்ப்பலகையில் 230/415 வோல்ட், டெல்டா/ஸ்டார். கடையிலிருந்து வரும்போது மேல் வரிசை மூன்று போல்ட்டையும் ஒரே பித்தளைப் பட்டை படுக்கையாக இணைத்திருக்கும், அது ஸ்டார். 415 வோல்ட்டுக்கு அது சரி. டிரைவ் தருவதோ 230. வோல்ட்டேஜ் 55 சதவீதமானால் முறுக்குவிசை அதன் வர்க்கத்தில் இறங்கி 31 சதவீதம் ஆகிவிடும். பட்டைகளைக் கழற்றி, மேல் போல்ட்டையும் கீழ் போல்ட்டையும் செங்குத்தாக இணைத்தால் டெல்டா. டிரைவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 3.2 ஆம்ப் என்று பதிய வேண்டும். ஸ்டாருக்கான 1.85 ஆம்ப்பை அப்படியே பதிந்துவிட்டால் சும்மா சும்மா ஓவர்லோடு காட்டும். பெட்டியைத் திறக்கும் முன் மெயினை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருக்கவும். டிரைவுக்குள் இருக்கும் டி.சி. கெபாசிட்டர்களில் 325 வோல்ட் நிற்கும்.

இரண்டாம் நாள் முழுக்க ஆர்.சி.சி.பி. (எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) தொல்லை. டிரைவ் மோட்டாரை ஓட்ட ஆரம்பித்த கணமே வீட்டு 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. விழுந்தது. ஷார்ட் எதுவும் இல்லை. டிரைவின் ஃபில்டரும், மோட்டார் கேபிளும் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும், அவ்வளவே. கேபிளை 15 மீட்டரிலிருந்து 3 மீட்டராகக் குறைத்து, கேரியர் அலைவரிசையை (டிரைவ் மின்சாரத்தை வெட்டும் வேகம்) 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4-க்கு இறக்கியதும் நின்றது. கைமாறாக மோட்டார் மெல்லிய குரலில் பாடுகிறது. சம்ப் அறைக் கதவைச் சாத்தினால் கேட்காது. பம்ப்புக்கென்று தனியாக எஃப் வகை ஆர்.சி.சி.பி. போடுவது இன்னும் நல்லது. எர்த் வயரைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அவர் தொட்ட வயரிங்கை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள்.

சென்சார் எளிது. இரண்டே வயர். டிரைவின் 24 வோல்ட்டிலிருந்து ஒன்று, அனலாக் இன்புட்டுக்கு மற்றொன்று. இன்புட் ஜம்பரை மின்னோட்டப் பக்கம் மாற்ற மறக்கக் கூடாது. 0 பாருக்கு 4, 10 பாருக்கு 20 என்பதால் 2 பாரில் மல்டிமீட்டர் 7.2 மில்லிஆம்ப் காட்ட வேண்டும். 4-க்குக் கீழே போனால் ஃபால்ட் என்பதையும் இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் எலி வயரைக் கடித்த அன்று அழுத்தமே இல்லை என்று நினைத்து டிரைவ் முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கும். சென்சாரும் பிரஷர் டேங்க்கும் என்.ஆர்.வி.க்கு அப்புறம், வீட்டுப் பக்கம் வர வேண்டும்.

இனி முக்கியமான இடம். பி.ஐ.டி. (அழுத்தத்தைப் பார்த்து வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் டிரைவின் கட்டுப்பாடு) வேலை செய்தது. ஒரு குழாய் திறந்தால் 43.5, இரண்டு ஷவர் ஓடினால் 46 ஹெர்ட்ஸ், முள் 2 பாரிலேயே நின்றது. எல்லாக் குழாயையும் மூடியும் பம்ப் மட்டும் நிற்கவில்லை. 41.5 ஹெர்ட்ஸில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்தில் பம்ப் உறையில் கை வைக்க முடியவில்லை. உள்ளே இருக்கும் அதே இரண்டு லிட்டர் தண்ணீரைக் கடைந்துகொண்டே இருந்தால் வேறென்ன ஆகும்?

தூங்கும் அலைவரிசை 20 ஹெர்ட்ஸ் என்று கம்பெனி வைத்த மதிப்பு அப்படியே கிடந்ததுதான் காரணம். டிரைவ் 20-க்கு இறங்கினால் தூங்கலாம் என்று காத்திருக்கிறது. ஆனால் 2 பார் வேண்டும் என்று கேட்டுவிட்டால் இந்தப் பம்ப் ஒருபோதும் 20-க்கு இறங்காது. கணக்கு இப்படி: டிரைவைக் கையால் 50 ஹெர்ட்ஸில் ஓட்டி, டெலிவரி வால்வைச் சில நொடி முழுதாக மூடியபோது மானியில் 3.0 பார். சம்ப் தண்ணீர் பம்ப்பைவிட 2 மீட்டர் கீழே, அதற்கு 0.2 சேர்த்தால் பம்ப் தரக்கூடிய முழு அழுத்தம் 3.2 பார். நமக்கு வேண்டியது 2.0 கூட்டல் 0.2, ஆக 2.2. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் மாறும். 2.2-ஐ 3.2-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.83, அதை 50-ஆல் பெருக்கினால் 41.5. அதற்குக் கீழே போனால் ஒரு சொட்டும் வெளியே வராது.

தூங்கும் அலைவரிசையை 42.5-க்கும், தாமதத்தை 15 நொடிக்கும், விழிக்கும் அழுத்தத்தை 1.6 பாருக்கும் மாற்றியதும் பம்ப் ஒழுங்காக நின்றது. 45 வைத்துப் பார்த்ததில் ஒற்றைக் குழாய் திறந்திருக்கும்போதே தூங்கி விழித்துத் தூங்கி, குளிப்பவர் தலையில் தண்ணீர் பலமும் மெதுவுமாக மாறி மாறி விழுந்தது.

இதனால்தான் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் பாதியாகும் என்ற விளம்பரக் கணக்கை இங்கே நம்பக் கூடாது. மின்சாரம் வேகத்தின் மும்மடியில் மாறும் என்ற விதி பொய்யில்லை. ஆனால் அழுத்தத்தைக் குறைக்காமல் பிடித்து வைத்தால் வேகம் ஆடக்கூடிய இடமே 41.5 முதல் 50 வரைதான். மின்சாரம் மிச்சமாவது பெரும்பாலும் பம்ப் தூங்கும் நேரத்தில்தான். மொட்டைமாடி டேங்க்கை நிரப்ப மட்டும் என்றால் சாதாரண ஸ்டார்ட்டரும் ஃப்ளோட் சுவிட்சும் போதும்.

பிரஷர் டேங்க்கில் காற்று 1.4 பார். பைப்பில் தண்ணீர் அழுத்தம் இல்லாதபோதுதான் சைக்கிள் பம்ப்பால் அடித்து அளக்க வேண்டும். முதலில் 0.8 மட்டுமே இருந்ததால் ஹெர்ட்ஸ் 43-க்கும் 48-க்கும் இடையே ஊசலாடியது. காற்றைச் சரி செய்து, பி.ஐ.டி.யில் பி மதிப்பை (அழுத்த வித்தியாசத்துக்கு எவ்வளவு வேகமாகப் பதில் தருவது என்பதை) பாதியாக்கியதும் அடங்கியது. சம்ப் காலியானால் நிறுத்த: 50 ஹெர்ட்ஸில் ஓடியும் 20 நொடிக்கு அழுத்தம் 0.5 பாரைத் தாண்டாவிட்டால் ட்ரிப்.

ஒரு வாரம் கழித்த நிலவரம்: இரவில் யாரும் குழாயைத் தொடாதபோதும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் விழிக்கிறது. 2-லிருந்து 1.6 பாருக்கு இறங்கும்போது இந்த டேங்க் தருவது சுமார் 3 லிட்டர். அப்படியானால் மணிக்கு 9 லிட்டர், நாளைக்கு 216 லிட்டர் எங்கோ போகிறது. டேங்க்குக்கு அப்புறம் உள்ள கேட் வால்வை மூடிவிட்டுப் பார்த்தோம். மூடிய பிறகும் விழித்தால் என்.ஆர்.வி. கசிந்து தண்ணீர் சம்ப்புக்கே திரும்புகிறது என்று அர்த்தம். விழிக்கவில்லை. இரண்டாம் மாடி ஃப்ளஷ் டேங்க்கின் அடி வாஷர் தேய்ந்திருந்தது.