2008 ஜூன் 19
போரில் பாலியல் வன்முறை போர்க்குற்றமாகலாம் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 1820ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது அன்றுதான். இலங்கையின் வடக்கே வன்னியில் அப்போது போருக்குள் மன்னார்ப் பக்கத்துச் சனம் கிழக்கே இடம்பெயர்ந்துகொண்டிருந்தது, தீர்மானம் வாசிக்க யாருக்கு நேரம்.

முந்தின வருசம்தான் ஹெயிட்டியில் அமைதி காக்கப் போன இலங்கைப் படையினர் நூறுக்கும் மேற்பட்டவர்கள் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2015இல் இலங்கை பற்றிய ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கை, படையினரின் தடுப்புக்காவலில் ஆண்களும் பெண்களும் பட்ட பாலியல் வதையை எழுதியது (ஆண்களுக்கு நடந்ததைப் பற்றி இங்கே இன்னும் ஒருவரும் வாய் திறப்பதில்லை). வெளிநாட்டு நீதிபதிகளும் இருக்கும் போர்க்குற்ற விசாரணைக்கு அதே வருசம் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் தலையாட்டிய இலங்கை அரசு 2020இல் விலகிக்கொண்டது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்திலும் இலங்கை இல்லை. சரி, சாட்சி சொல்ல வா என்று கிளிநொச்சிப் பெண்ணைக் கூப்பிடுகிறவர்கள், அடுத்த நாள் அவள் படலையில் புலனாய்வுக்காரர் வந்து நின்றால் யார் வருவது என்று முதலில் சொல்லட்டும்.