அந்தத் தாளில் இரண்டு வரி எழுதுங்கள்

சிறுநீரக பயாப்சித் திசுவை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குத் தயார் செய்வது என் வேலை. திசு ஒரு சின்னக் குப்பியில் வரும், கூடவே ஒரு விண்ணப்பத் தாளும் வரும். பெயர், வயது, பாலினம், அதற்குக் கீழே 'நோய் விவரம்' என்று ஒரு கட்டம். பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் 'சிறுநீரில் புரதம்' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. சில தாள்களில் அதுவும் இருக்காது. அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பயாப்சி ஊசியில் எடுக்கும் திசுவை மூன்றாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு சாதாரண மைக்ராஸ்கோப்புக்கு, ஒரு பங்கு ஒளிரும் சாயத்தால் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கு. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துணுக்கு, திசுவைக் கெடாமல் காக்கும் குளூட்டரால்டிஹைடு திரவத்தில் எங்களிடம் வரும். அதை ஆஸ்மியத்தில் ஊறவைத்து, நீரை நீக்கி, ரெசினில் பதித்துக் கெட்டியாக்குவோம். முதலில் கொஞ்சம் கனமாக ஒரு சீவல், அதாவது செக்‌ஷன் எடுத்து, நீலச் சாயம் போட்டு, உள்ளே ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சான குளோமெருலஸ் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் அப்புறம் வைரக் கத்தி.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கத்தியை ஒட்டி ஒரு சிறிய தொட்டி, அதில் விளிம்பு வரை தண்ணீர். பிளாக் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு செக்‌ஷன் நழுவி வந்து தண்ணீரில் மிதக்கும். அது எவ்வளவு மெல்லிசு என்பதை நிறத்தைப் பார்த்துத்தான் சொல்வோம். தங்க நிறமாக இருந்தால் கனம் கூடிவிட்டது. சாம்பலாக இருந்தால் மிகவும் மெல்லிசு. வெள்ளி நிறம் வந்தால் சரி, சுமார் 60 முதல் 90 நானோமீட்டர். செக்‌ஷனின் மேல்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒன்றோடொன்று கலப்பதால் வரும் நிறம் அது. அந்தத் துண்டைச் செப்பு கிரிட்டில், அதாவது சின்ன வலைத்தட்டில் ஏந்தி, யுரேனிய உப்பிலும் ஈய உப்பிலும் சாயமேற்றுவோம். ஈயச் சாயம் போடும்போது அதன் மேல் மூச்சுவிடக்கூட மாட்டேன். கரியமில வாயு பட்டால் கறுப்புத் துகள் படிந்து படமே பாழாகிவிடும்.

படத்தைப் படித்து அறிக்கை எழுதுவது நோயியல் மருத்துவர். பக்கத்தில் உட்கார்ந்து கிரிட்டை நகர்த்துகிறவள் நான். அவர் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "தாள்ல என்ன எழுதியிருக்காங்க?"

ஏன் கேட்கிறார் என்று சொல்கிறேன். சாதாரண மைக்ராஸ்கோப்பில் சுமார் 200 நானோமீட்டருக்கு உள்ளே இருக்கும் நுணுக்கம் பிரிந்து தெரியாது. குளோமெருலஸின் அடிச்சவ்வு பெரியவர்களுக்கே 300 முதல் 400 நானோமீட்டர்தான். பரம்பரையாக வரும் ஆல்போர்ட் நோயில் அந்தச் சவ்வு ஓரிடத்தில் தடித்து, இன்னோரிடத்தில் மெலிந்து, ஏடு ஏடாகப் பிரிந்து கிடக்கும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் அதே திசு கிட்டத்தட்ட நன்றாக இருப்பதுபோலத் தெரியலாம், அல்லது வெறும் தழும்பாகத் தெரிந்து, பலன் தராத ஸ்டீராய்டு வரை கொண்டுபோய் விடலாம். அதுமட்டுமல்ல, சிறுவயதில் ஆல்போர்ட் நோயின் சவ்வு இன்னும் பிரியாமல் வெறுமனே மெலிந்து மட்டும் இருக்கலாம். பல காலம் பெரிய தொல்லை தராத மெல்லிய சவ்வுக் கோளாறிலும் அப்படியேதான் தெரியும். இரண்டையும் படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. தாய்மாமனுக்கு இளவயதிலேயே டயாலிசிஸ், பையனுக்குக் காது மந்தம் என்று தாளில் ஒரு வரி இருந்தால், அறிக்கை நேராக மரபணுச் சோதனையைப் பரிந்துரைக்கும். அம்மாவையும் பரிசோதிக்கச் சொல்லும்.

ஃபேப்ரி நோய் இன்னும் நல்ல உதாரணம். ஒரு நொதி குறைவதால் செல்லுக்குள் கொழுப்பு தேங்கும். குளோமெருலஸின் வடிகட்டிச் செல்களான போடோசைட்டுகளுக்குள் வரிவரியாக, அடுக்கடுக்காகக் கரிய உருண்டைகள் தெரியும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆனால் நீண்ட நாள் குளோரோகுவின் என்ற மலேரியா மாத்திரை சாப்பிட்டவர் செல்லிலும் அதே மாதிரி வரி உருண்டைகள் வரும். ஒருவருக்கு நொதியை ஊசி மூலம் ஏற்ற வேண்டும், குடும்பத்தையே பரிசோதிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். மருந்துப் பட்டியல் இல்லாமல் யார் யார் என்று எப்படிச் சொல்வது?

சில நோய்களில் சிறுநீரகத்தில் படியும் புரத நார்கள் விஷயமும் இதே கதை. அமிலாய்டு நார் சுமார் 8 முதல் 12 நானோமீட்டர். ஃபைப்ரில்லரி வகை பெரும்பாலும் 20-ஐ ஒட்டி. இம்யூனோடாக்டாய்டு பொதுவாக 30-க்கு மேல், உள்ளே குழலாக இருக்கும். அளந்துவிடுவோம். ஆனால் அளவு மட்டும் போதாது. ரத்தத்தில் ஒற்றை வகைப் புரதம் கூடியிருக்கிறதா என்பது தெரிந்தால்தான் அந்த அளவுக்கு அர்த்தம் வரும்.

இன்னொன்று. துணுக்கைத் தனியாக எடுத்துவைக்க மறந்துபோய், சாதாரண மைக்ராஸ்கோப்புக்காகப் பாரஃபின் மெழுகில் பதித்த பங்கிலிருந்து மீட்டு அனுப்புவதும் உண்டு. அதிலும் நிறைய பார்க்கலாம். ஆனால் அப்படி மீட்ட திசுவில் அடிச்சவ்வு உள்ளதைவிட மெலிந்து தெரியும். அதை அளந்து 'மெல்லிய சவ்வு' என்று எழுதினால் இல்லாத நோயை ஒட்டிவிட்டதாக ஆகும். மீட்ட திசு என்றால் அதையும் தாளில் சொல்லுங்கள்.

மருத்துவர்கள் அவசரத்தில் இருப்பார்கள், புரிகிறது. அதனால் பயாப்சிக்குப் போகிறவர்களிடமும் கேட்கிறேன். வீட்டில் யாருக்காவது சிறுநீரகம் பழுதானதுண்டா, காதில், கண்ணில் கோளாறு உண்டா, என்னென்ன மாத்திரை எவ்வளவு காலமாக, கைகால் எரிச்சல் சிறுவயதிலிருந்தே உண்டா? இவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுங்கள். குப்பியோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

அறிக்கை வந்தபிறகு ஏதாவது நினைவுக்கு வந்தாலும் சொல்லலாம். ரெசின் பிளாக்குகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், அவை பல வருடம் கெடாது. புதுத் தகவல் வந்தால் அதே பிளாக்கை எடுத்து மறுபடி செக்‌ஷன் போட்டு, முன்பு கவனிக்காத இடத்தில் தேடிப் பார்க்க முடியும்.