வேப்பங்கொட்டைக் கரைசல்: ஆமணக்கு இலையில் வைத்துப் பார்த்தது

செடிப் பூச்சிகளுக்கு அடிக்கும் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். வேளாண்மைக் கையேடு எதைப் புரட்டினாலும் இது இருக்கும். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு 5 கிலோவுக்கு 100 லிட்டர் தண்ணீர், மாடித்தோட்டக் கணக்கில் லிட்டருக்கு 50 கிராம். அளவு இவ்வளவு சுலபம்தான். வேலையெல்லாம் கொட்டையைக் காய வைப்பதில் இருக்கிறது.

ஆனி, ஆடியில் தெருமுனை வேம்பில் பழம் உதிரும். மைனாவும் காக்கையும் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டை கிடைத்தால் பாதி வேலை மிச்சம். முழுப் பழமாக இருந்தால் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கையால் பிசைந்து தோலையும் சதையையும் கழற்ற வேண்டும். அங்கே வேப்பமுத்து பொறுக்கி விற்கும் அக்கா ஒருவர், நான் மொட்டை மாடி வெயிலில் காய வைக்கப் போவதைக் கேட்டதும், "வெயில்ல போடாதீங்க தம்பி, நெழல்ல காயட்டும். சாக்குல கட்டுங்க, பிளாஸ்டிக் பை வேணாம்" என்றார். ஆய்வாளர்கள் சொல்வதும் இதுதான். பூச்சிக்கு எதிராக வேலை செய்யும் அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பறித்து 3 மாதம் ஆன, ஆனால் 8 மாதத்தைத் தாண்டாத கொட்டைதான் கரைசலுக்கு நல்லது.

மார்கழியில் அவரையில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி ஏறியதும் சாக்கை அவிழ்த்தேன். ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்தால் எடை கிட்டத்தட்ட பாதியாகிவிடும்; கொட்டை சேர்க்கும்போதே இதை மனதில் வையுங்கள். இடிப்பதற்குச் சின்ன உரல் போதும். வீட்டு மிக்ஸி பக்கம் போகாதீர்கள், ஒரு வாரத்துக்குச் சட்னி கசக்கும். ஒன்றிரண்டாக இடித்ததைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து தண்ணீரில் இரவு முழுக்க ஊற விட்டேன். காலையில் முடிச்சைப் பிழிந்தால் பால் போல வெள்ளையாக இறங்குகிறது, பூண்டு அழுகியதுபோல ஒரு நாற்றத்தோடு. கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால்தான் இலையில் ஒட்டும். அடிப்பது சாயங்காலம்தான், இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி. மிச்சத்தை மறுநாளைக்கு வைத்துப் பயனில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. பூச்சியை விரட்டுவது வேம்பா, சோப்பா? அதனால் சில அவரைத் தொட்டிகளுக்கு வெறும் சோப்புத் தண்ணீர் மட்டும் அடித்தேன். அசுவினி இரண்டிலும் ஒரே மாதிரிதான் குறைந்தது. அசுவினிக்கு மட்டும் என்றால் கொட்டை இடிக்கும் பாடே வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும் என்பது என் கட்சி. மாவுப்பூச்சிக்கு இரண்டுமே பெரிதாக உதவவில்லை; மேலே இருக்கும் மெழுகு மாவு எதையும் எளிதில் உள்ளே விடுவதில்லை.

வேம்பின் வேலை தெரிந்தது புழுவிடம். மாடியில் ஓரமாக ஓர் ஆமணக்குச் செடி வைத்திருக்கிறேன், இலை தின்னும் புரோடீனியா புழு மற்ற செடிகளை விட்டுவிட்டு அதில் ஏறட்டும் என்று. அதிலிருந்து ஓர் அகல இலையைப் பறித்து, நடு நரம்புக்கு ஒரு பக்கம் கரைசலையும் மறுபக்கம் சோப்புத் தண்ணீரையும் பிரஷ்ஷால் தடவிக் காய விட்டேன். பிறகு மூடியில் துளையிட்ட டப்பாவில் இலையை வைத்து, புழுக்களை நரம்பின் மேலேயே விட்டேன். விடிந்து பார்த்தால் சோப்புப் பக்கம் நரம்பு மட்டும் சல்லடையாக நிற்கிறது. வேம்புப் பக்கத்தில் விளிம்பில் இரண்டு மூன்று கடித் தடம், அவ்வளவுதான்.

வேம்பு தடவிய இலையை மட்டும் வைத்த இன்னொரு டப்பாவில் புழுக்கள் உடனே சாகவில்லை. கொறித்துப் பார்த்துவிட்டுச் சுருண்டு கிடந்தன. ஒன்று தோல் உரிக்கத் தொடங்கி, பழைய தோல் வால் பக்கம் சிக்கிக்கொண்டு, பாதி உரித்த நிலையிலேயே கறுத்துப் போனது. அசாடிராக்டின் உணவை வெறுக்க வைப்பதோடு, தோலுரிப்பை நடத்தும் எக்டைசோன் ஹார்மோனையும் குலைக்கிறது என்று படித்திருந்தேன். லென்ஸ் வைத்து நேரில் பார்க்கும்போது கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கடை மருந்துபோலக் காலையில் அடித்து மாலையில் பிணம் எண்ண நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. அடித்த மறுநாள் "வேலை செய்யலியே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பூச்சியைத் தின்னவிடாத இந்தக் குணத்தை 1959இல் சூடானில் ஹைன்ரிக் ஷ்முட்டெரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கண்ணால் பார்த்திருக்கிறார். வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கி மற்ற பச்சையை எல்லாம் மொட்டையடிக்க, வேம்பு மட்டும் தழைத்து நின்றது. 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் விதையிலிருந்து அசாடிராக்டினைப் பிரித்தார்கள். அந்த மூலக்கூறை ஆய்வகத்தில் செய்து முடிக்க கேம்பிரிட்ஜின் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன, 2007இல்தான் முடிந்தது. மரம் அதை வருஷா வருஷம் தெருவில் கொட்டுகிறது. வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994இல் அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கியதும், இது ஏற்கெனவே இந்தியாவில் இருக்கிற வழக்கம் என்று எதிர்த்ததில் 2000இல் அது ரத்தானதும், மேல்முறையீடும் 2005இல் தோற்றதும் பலருக்குத் தெரிந்த கதை.

பிழிந்த சக்கையைத் தொட்டி மண்ணில் கலந்துவிடுகிறேன். 2015 முதல் நம் நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசச் சொல்லியிருப்பதும், மண்ணில் தழைச்சத்து மெதுவாகக் கரையட்டும் என்பதற்காகவும்தான்.

இந்த ஆனிப் பழம் விழத் தொடங்கிவிட்டது. இம்முறை ஒரே மரத்துக் கொட்டையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நிழலிலும் மற்றதை வெயிலிலும் உலர்த்தித் தனித்தனிச் சாக்கில் கட்டப் போகிறேன். கார்த்திகை வாக்கில் இரண்டின் கரைசலையும் ஒரே ஆமணக்கு இலையில் ஆளுக்குப் பாதியாகத் தடவிப் பார்க்க வேண்டும். அக்கா சொன்னதில் எவ்வளவு வித்தியாசம் என்று புழு சொல்லிவிடும்.