1929-ஐச் சுற்றிய வட்டம்

"1929-இன் வீழ்ச்சியை இந்த நாவல் முன்கூட்டியே அறிந்திருந்தது." ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலைப் பற்றிப் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரையின் மைய வாதம் இதுதான். அமெரிக்க இலக்கியம், அமெரிக்க வரலாறு இரண்டு பாடத்துக்கும் சேர்த்து எழுதும் கட்டுரை. அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்த ஆண்டான 1929-ஐ வட்டமிட்டு, ஓரத்தில் "நாவல் வெளிவந்தது 1925 ஏப்ரல்" என்று எழுதினேன். வரலாற்றுச் சூழலுக்கான மார்க்கில் பாதியைக் குறைத்தேன்.

அவள் வந்து கேட்டாள்: "எழுதினவருக்குத் தெரியாதுங்கிறது சரி. படிக்கிற எனக்குத் தெரியுமே. தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வெச்சுக்கிட்டு எப்படிப் படிக்கிறது?"

வரலாற்றில் பின்னால் வந்ததை முன்னால் இருந்ததற்குக் காரணமாகவோ சாட்சியாகவோ காட்டக் கூடாது என்று சொன்னேன். அது சரியான பதில்தான். அவள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதிலா என்பதில்தான் எனக்கு இன்னும் நிம்மதி இல்லை.

இந்த வகைக் கட்டுரையைத் திருத்தும்போது வாதத்துக்குள் போவதற்கு முன்பே, அதில் வரும் ஆண்டுகளை எல்லாம் தனியே எழுதிக்கொள்வேன். கதை நடக்கும் காலம், எழுதப்பட்ட காலம், வெளிவந்த காலம் என்று மூன்று கட்டம். கேட்ஸ்பியின் கதை நடப்பது 1922 கோடையில். ஃபிட்ஸ்ஜெரால்ட் பெரும்பகுதியை 1924-இல் பிரான்சில் இருந்து எழுதினார். புத்தகம் 1925 ஏப்ரல் 10 அன்று வந்தது. மாணவர் கொண்டுவரும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் இந்த மூன்றில் ஒன்றுக்கு முன்னாலோ உள்ளேயோ உட்கார வேண்டும்.

உதாரணத்துக்கு, முதல் அத்தியாயத்தில் சாப்பாட்டு மேசையில் டாம் புகேனன் என்ற பணக்காரன், வெள்ளை இனம் மூழ்கப்போகிறது என்று ஒரு புத்தகத்தைச் சொல்லிப் பொரிந்து தள்ளுகிறான். ஆசிரியர் பெயரை மாற்றிச் சொன்னாலும் அது லோத்ராப் ஸ்டாடர்ட் 1920-இல் எழுதிய புத்தகத்தைத்தான் குறிக்கிறது. அதை வெளியிட்டது ஸ்க்ரிப்னர்ஸ். கேட்ஸ்பியை வெளியிட்டதும் அதே பதிப்பகம். இதைக் கண்டுபிடித்து எழுதும் மாணவருக்கு எவ்வளவு மார்க் போட்டாலும் தகும். அதோடு குடியேற்றச் சட்டங்களையும் சேர்க்கலாம். 1921 சட்டம், அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கும் அந்தந்த நாட்டவரில் 3 சதவீதம் என்று, 1910 கணக்கெடுப்பை வைத்து வரம்பு போட்டது. 1924 சட்டம் அதை 2 சதவீதமாகக் குறைத்ததோடு, அடிப்படையையும் 1890 கணக்கெடுப்புக்குத் தள்ளியது. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்கள் பெருமளவில் வருவதற்கு முந்தைய கணக்கு அது. 1924 கதைக்குப் பிந்தியது, ஆனால் நாவலுக்கு முந்தியது. அதனால் ஏற்றுக்கொள்வேன். 1929 எந்தக் கட்டத்திலும் அடங்காது.

இதில் கறாராக இருக்கக் காரணம் உண்டு. பெரும்பாலான கட்டுரைகளில் இரண்டாவது பாரா "1920-கள் கொண்டாட்டத்தின் காலம்" என்று தொடங்கி, மதுவிலக்கு, ஜாஸ், பெண்கள் ஓட்டுரிமை என்று அடுக்கிவிட்டு நாவலுக்குத் திரும்பிவிடும். அந்தப் பாராவை அப்படியே எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த வரலாறு அங்கே வேலை செய்யவில்லை.

மதுவிலக்கையே எடுத்துக்கொள்வோம். "குடிப்பது சட்டவிரோதமாக இருந்தது" என்றுதான் எழுதுவார்கள். தவறு. தடை செய்யப்பட்டது தயாரிப்பும் விற்பனையும் கொண்டுபோவதும்தான். மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய வோல்ஸ்டெட் சட்டத்தில் மருத்துவத்துக்கு விலக்கு இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தால், ஒருவருக்குப் பத்து நாளைக்கு ஒரு பைன்ட் (சுமார் அரை லிட்டர்) வரை மருந்துக்கடையில் விஸ்கி வாங்கலாம். இது தெரிந்த பிறகு, நாவலின் நாயகன் கேட்ஸ்பியும் அவன் கூட்டாளி வுல்ஃப்ஷைமும் சந்துபொந்துகளில் இருந்த மருந்துக்கடைகளை ஏன் வாங்கிப்போட்டார்கள் என்பது விளங்கும். சட்டத்தில் இருந்த அந்த ஓட்டையில் நிற்கிறது கேட்ஸ்பியின் மாளிகை. இங்கே வரலாற்றை எடுத்தால் வாதமே சரிந்துவிடும்.

பழைய இலக்கிய, ஓவிய மரபுகளை உடைத்த நவீனத்துவம் பற்றிய கட்டுரைகளிலும் இதே சிக்கல்தான். "முதல் உலகப்போரின் சிதைவிலிருந்து நவீனத்துவம் பிறந்தது" என்ற வாக்கியம் இல்லாத கட்டுரை அபூர்வம். நவீனத்துவக் கவிஞர் டி. எஸ். எலியட்டின் ப்ரூஃப்ராக் கவிதை சிகாகோ பத்திரிகையில் வந்தது 1915-இல், எழுதி முடித்தது 1911-இல். நவீன ஓவியங்களால் நியூயார்க்கை அதிரவைத்த ஆர்மரி கண்காட்சி 1913. அமெரிக்கா போரில் இறங்கியதே 1917 ஏப்ரலில்தான். போர் நவீனத்துவத்தை ஆழமாக்கியது என்று எழுதினால் சரி. பெற்றெடுத்தது என்றால் தேதி இடிக்கும்.

ஆக, வட்டம் போட்டதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் அவளுடைய சான்றுகள் பலவீனமானவை அல்ல. தெரிந்தவர்கள் எல்லாம் கடன்பத்திரத் தொழிலில் இருப்பதால் கதைசொல்லி நிக் தானும் அதில் இறங்குகிறான். அது பற்றி அவன் வாங்கி வைத்த புத்தகங்கள், அப்போதுதான் அச்சடித்த காசு போலச் சிவப்பும் தங்கமுமாக அலமாரியில் நிற்கின்றன. டாம் விற்பதாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் காருக்காக கராஜ்காரன் வில்சன் கடைசிவரை காத்திருக்கிறான். கேட்ஸ்பி செத்த பிறகு சிகாகோவிலிருந்து வரும் தொலைபேசியில், கடன்பத்திரங்களைக் கவுன்டரில் நீட்டிய ஆள் பிடிபட்ட செய்தி வருகிறது. காகிதமும் வாக்குறுதியுமாகவே பணம் திரிகிற இந்த இடங்களை அவள் ஒவ்வொன்றாகக் கோத்திருந்தாள். கடைசித் தொலைபேசியை இந்தக் கோணத்தில் கவனிக்கும் மாணவர்கள் மிகக் குறைவு.

இதற்கு உரிய வரலாற்றுச் சூழல் 1929 அல்ல, 1920-21 என்று சொன்னேன். போர் முடிந்தபின் வந்த அந்தச் சரிவில் விலைகள் விழுந்தன, மத்திய மேற்கின் விவசாயிகள் நொடித்தார்கள். அது ஓய்ந்தது 1921 நடுவில். அடுத்த வசந்தத்தில் நிக் அங்கிருந்துதான் கிழக்கே வருகிறான். மத்திய மேற்கு உலகத்தின் ஓரம் கிழிந்ததுபோல் தெரிகிறது என்று அவன் சொல்வதற்குப் போரிலிருந்து திரும்பிய மனநிலை ஒரு காரணம். இந்தச் சரிவையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க இடமுண்டு. வரலாற்றுப் பாடப்புத்தகம் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுவதால் மாணவர்கள் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு வழியும் காட்டினேன். "நாவல் அறிந்திருந்தது" என்பதை எடுத்துவிட்டு, "1929-ஐக் கடந்து வந்த வாசகர் நாவலில் அதைக் காணாமல் இருக்க முடியாது" என்று வைக்கச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்படி மாத்தினா இது என்னைப் பத்தின கட்டுரை ஆயிடும். நான் எழுதினது நாவலைப் பத்தி."

இங்கேதான் எனக்குப் பிடி நழுவுகிறது. நாவலின் வரலாறு அவள் பக்கம் பேசுகிறது. 1925-இல் முதல் அச்சு சுமார் 21,000 பிரதிகள். அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னும் 3,000. ஃபிட்ஸ்ஜெரால்ட் 1940 டிசம்பரில் இறந்தபோது அந்த இரண்டாம் அச்சிலேயே விற்காத பிரதிகள் கிடந்தன. இரண்டாம் உலகப்போரில் ராணுவ வீரர்களுக்கென்று அச்சிட்ட இலவசப் பதிப்பில் ஒரு லட்சத்துக்கும் மேல் போனது. இன்று நாம் வகுப்பில் வைத்துப் படிக்கும் கேட்ஸ்பியை உருவாக்கியவர்கள் அந்தத் தலைமுறை வாசகர்கள்தான். அவர்கள் எல்லாரும் 1929-ஐத் தொடர்ந்து வந்த பெருமந்தத்துக்குள் வளர்ந்தவர்கள். 1929 தெரியாமல் படித்த வாசகர்கள் இந்த நாவலைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. அப்படியிருக்க, நாவலையும் அவளையும் இரண்டு கட்டுரையாகப் பிரி என்று நான் எந்த உரிமையில் சொல்கிறேன்?

ஃபிட்ஸ்ஜெரால்டே 1931 நவம்பரில் எழுதிய கட்டுரையில், ஜாஸ் யுகம் எனப்படும் அந்தக் காலம் 1919 மே தினக் கலவரங்களில் தொடங்கி 1929 அக்டோபரில் முடிந்ததாகத்தான் சொல்கிறார். முடிவு தெரிந்த பிறகு தன் காலத்தைத் தானே திரும்பிப் படித்திருக்கிறார். ஆனால் அவர் அதை 1931-இல் நின்று சொன்னார். 1925-இலேயே எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "அறிந்திருந்தது" என்ற சொல்லுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நாவலால் முடியாது, அவள் ஏற்க மாட்டேன் என்கிறாள்.

மார்க்கை நான் மாற்றவில்லை. அவளும் வாக்கியத்தை மாற்றவில்லை. திருத்திக் கொடுத்த இரண்டாம் பிரதியில் 1920-21 சரிவு பற்றி நல்ல பாரா ஒன்று சேர்ந்திருந்தது, தேதிகள் எல்லாம் சரி. மைய வாதம் அப்படியே. இப்போது என் மூன்று கட்டங்களோடு நான்காவதாக, படிக்கப்படும் காலம் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். அதில் வருவதற்கு எவ்வளவு மார்க் என்பதை இன்னும் எழுதவில்லை.