தலைமேல் வள்ளம்

யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் கரையில் வளர்ந்தவன் என்பதால், வள்ளத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற நினைப்புடன்தான் சென்ற செப்டம்பர் மாதக் கடைசியில் கனடாவின் அல்கோங்குவின் பூங்காவுக்குப் புறப்பட்டேன். உடன் வந்தவர் மனைவியின் தம்பி. இரண்டு கோடைகளாக அந்த ஏரிகளில் துடுப்பு வலித்தவர். எங்கள் ஊர் வள்ளம் நம்மைச் சுமக்கும், அந்தக் காட்டில் வள்ளத்தை நாம் சுமக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான்தான் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் அல்கோங்குவின், 1893இல் அமைக்கப்பட்டது. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் அதுவே மூத்தது. பரப்பளவு 7,600 சதுரக் கிலோமீட்டருக்கும் அதிகம்; ஆனால் அதன் தென்பகுதியில் 56 கிலோமீட்டர் தூரம் ஓடும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால், கனூ என்ற இலேசான துடுப்புப் படகிலோ கால்நடையாகவோதான் போக முடியும். ஓர் ஏரி முடியும் இடத்தில் காட்டுப் பாதை ஒன்று தொடங்கும். அதன் வழியே படகையும் மூட்டைகளையும் சுமந்து சென்று அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். இப்படிச் சுமந்து கடப்பதைப் 'போட்டேஜ்' என்கிறார்கள். சுமத்தல் என்ற பொருளில் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல் அது. பேர்ச் மரப்பட்டையால் தனி ஆளே தூக்கிச் செல்லக்கூடிய படகுகளைச் செய்து, இந்த ஏரிகளைப் பெருவழிகளாக்கியவர்கள் இம்மண்ணின் முதற்குடிகள். அல்கோங்குவின் என்பதே அவர்களுள் ஒரு மக்களின் பெயர்தான்.

மூட்டை கட்டும்போதே எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. உட்காட்டுப் பகுதிக்குத் தகர டின்களையும் கண்ணாடிப் போத்தல்களையும் கொண்டுபோகக் கூடாது என்பது பூங்காவின் விதி. ஆகவே, எங்கள் வீடுகளில் எந்தப் பயணத்துக்கும் முதலில் பையில் ஏறும் மீன் டின் முதலிலேயே விலக்கப்பட்டது. அதற்கு ஈடாக நான் எடுத்து வைத்த கருவாட்டைப் பார்த்ததும், "அத்தான், கரடிக்கு அழைப்பிதழ் அடித்துக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டு அதையும் வெளியே எடுத்து வைத்தார் தம்பி. இறுதியில் அரிசி, பருப்பு, வறுத்த மா, இடிசம்பல், பால்மா என்று தேறியது. இரண்டு இரவுகளுக்கு ஐந்து கிலோ அரிசி வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் கேட்கவில்லை; மனைவியின் சமையலறையிலிருந்த இரும்புத் தாச்சியை நான் பைக்குள் ஒளித்து வைத்ததை அவர் பார்க்கவில்லை.

கனூ ஏரி என்ற பெயருடைய ஏரியின் தென்கரையிலிருந்துதான் நாங்கள் புறப்பட்டோம். வாடகைக்கு எடுத்த, கெவ்லார் என்ற செயற்கை இழையால் செய்த கனூவின் எடை ஏறத்தாழ 20 கிலோகிராம்தான். உயிர்காப்பு அங்கி, தண்ணீர் இறைக்கும் கோப்பை, விசில், மிதக்கும் கயிறு என்று சட்டம் கேட்பவற்றையும் அதிலேயே வைத்துத் தந்தார்கள். திசைதிருப்பும் பொறுப்பு பின்னால் இருப்பவருக்கு என்று அறிந்ததும் அந்த இடத்தை நானே பிடித்துக்கொண்டேன். கனமான பையையும் என் காலடியிலேயே வைத்தேன். அதன் விளைவு பத்து நிமிடத்தில் தெரிந்தது. பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் நீரைவிட்டு எழுந்து, மேற்கிலிருந்து அடித்த காற்றில் படகின் மூக்கு காற்றாடிபோல் சுழன்றது. எங்கள் கடல்நீரேரியில் ஆழமற்ற நீரில் கோல் ஊன்றித் தள்ளிப் பழகிய கைக்கு இங்கே ஊன்றுவதற்கு அடியே அகப்படவில்லை. கரையொன்றில் ஒதுங்கிப் பையை முன்னால் மாற்றி, இருவரும் முழந்தாளிட்ட பின்னர்தான் படகு சொல் கேட்டது. துடுப்பை இழுத்து முடிக்கும் தறுவாயில் அதன் முகத்தைத் திருப்பி வெளிப்புறமாகச் சற்றே தள்ளினால் படகு நேராகப் போகும் என்ற நுட்பம் கைவர எனக்கு அன்று முழுவதும் பிடித்தது.

இந்த ஏரியில்தான் ஓவியர் தொம் தொம்சன் 1917 ஜூலையில் இறந்தார். அவர் இங்கே வழிகாட்டியாகவும் தீக்காவலராகவும் வேலை பார்த்தவர், கனூவில் தேர்ந்தவர். அவருடைய படகு கவிழ்ந்து மிதக்கக் காணப்பட்டு எட்டு நாட்களுக்குப் பின்னரே உடல் கிடைத்தது. அது விபத்துத்தானா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. 1930இல் எழுப்பப்பட்ட நினைவுக் கற்குவியல் கரையிலுள்ள மேட்டில் இருக்கிறது. அந்தக் காற்றில் அங்கே ஒதுங்க எனக்குத் துணிவு வரவில்லை.

வடமுனையில் மரத்தில் அறைந்திருந்த மஞ்சள் பலகை ஜோ ஏரிக்கு 295 மீட்டர் என்று காட்டியது. ஊரில் சந்திக் கடைக்குப் போகும் தூரம்கூட இல்லை. ஆனால் எங்கள் சாமான்கள் ஆளுக்கு மூன்று சுமையாக இருந்தன. திரும்பி வரும் நடைகளையும் சேர்த்தால் ஒவ்வொருவரும் அந்தப் பாதையை ஐந்து முறை கடந்தோம். 295 மீட்டர் 1,475 மீட்டராயிற்று. கனூவைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றியதும் கண்ணுக்குத் தெரிவது முன்னால் உள்ள சில அடி மண்ணும் வேர்களும் மட்டுமே. மழைக்குக் கூடை கவிழ்த்த கோழிக்குஞ்சின் நிலை. படகு பாரமாக இல்லை. குறுக்குச் சட்டம் தோளில் சமனாக உட்கார்ந்துவிட்டால் அது தானாகவே நடப்பதுபோல் இருந்தது. என்னை வருத்தியது அரிசிதான். மூன்றாவது சுமையை இறக்கும்போது தாச்சி எழுப்பிய ஓசையைத் தம்பி கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதன்பின் நீர்வழிதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரம் ஏற்றிச் செல்ல அமைத்த இரயில் பாதை ஒன்று ஜோ ஏரியின் ஓரமாக ஓடியதாம். இன்று அங்கே காடு மட்டும் நிற்கிறது. ரீப்பீ ஏரியைத் தாண்டிக் குறுகிய ஆற்றுக்குள் நுழைந்தபோது, பீவர் என்ற கொறிவிலங்குகள் குச்சியும் சேறும் சேர்த்துக் கட்டிய அணை வழியை மறித்தது. அதன்மேல் ஏறி நின்று படகை அப்பால் இழுத்துப் போட்டோம். கரைகளில் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. அதைப் பலரும் படம் பிடித்துப் போட்டாயிற்று என்பதால் இத்துடன் விடுகிறேன்.

இரவு தங்கியது தொம்சனின் பெயரைத் தாங்கிய ஏரியில். அனுமதி ஏரிக்குத்தான், செம்மஞ்சள் பலகையுள்ள இடங்களில் எது காலியாக இருக்கிறதோ அதில் கூடாரம் அடிக்கலாம். சுவரோ கூரையோ இல்லாமல் காட்டுக்குள் வைத்த மூடியுள்ள மரப்பெட்டிதான் கழிப்பறை. முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் அதைப்போல் காற்றோட்டமான இடம் வேறில்லை என்று தோன்றியது. உணவுப் பை முழுவதையும், பற்பசை உட்பட, கூடாரத்துக்குத் தொலைவில், கரடி எழுந்து நின்றாலும் எட்டாத கிளையில் கயிறு போட்டு ஏற்றினோம். முதல் மூன்று எறிதல்களிலும் கல் மட்டும் போய்க் கயிறு கீழேயே கிடந்தது.

தம்பி வடிகட்டித் தந்த ஏரித் தண்ணீரைக் குடித்தபோதுதான் இடத்தின் வேற்றுமை எனக்கு உறைத்தது. சிறு வயதில் வள்ளத்தில் போகும்போது குடிநீரைப் போத்தலில் கொண்டுபோவோம். சுற்றிலும் இருந்தது உப்பு நீர். படகு மிதக்கும் நீரையே குடிக்கலாம் என்பதை என் நாக்கு ஒப்புக்கொள்ளச் சிறிது நேரம் எடுத்தது.

இருட்டியபின் லூன் பறவை கூவியது. கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் நாள்தோறும் நாம் தடவும் பறவைதான் அது. முதலில் நீண்ட ஓலம், அதற்குப் பதிலாக எதிர்க்கரையிலிருந்து இன்னொன்று, பிறகு நடுங்கும் சிரிப்புப் போன்ற ஒலி. மறுநாள் விடியலில், குளிர்ந்த காற்றில் ஏரி ஆவி விட்டுக்கொண்டிருக்க, பனிப்புகைக்குள் அதே பறவை நீரில் தாழ மிதந்து, சத்தமின்றி மூழ்கி, நான் எதிர்பார்த்த இடத்தில் எழும்பாமல் வெகு தூரத்தில் எழுந்தது.

மூன்றாம் நாள் திரும்பினோம். ஜோ ஏரிப் பாதையை இம்முறை மூன்று நடைகளில் முடித்தோம். ஸ்காபரோ வீட்டில் பையைக் கொட்டியபோது மூன்றரைக் கிலோ அரிசி மீதியிருந்தது. மனைவி தாச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; அது ஒருமுறைகூட அடுப்பேறவில்லை என்பது அதன் அடியைக் கண்டாலே தெரியும்.

"அம்மியையும் குழவியையும் ஏன் விட்டிட்டுப் போனனீங்கள்?" என்றார்.